இரவல் கட்டில்

இந்தக் கதையில் வரும் கட்டில் இன்றைக்கும் சிங்கப்பூரில் ஏதோ ஒரு வீட்டில் இருக்கிறது. அதில் யாரோ படுத்திருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஜெனிவீவ் என்னிடம் சொன்னதில் நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. இது நடுராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகலில், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஓர் அடுக்ககத்தின் ஒன்பதாவது மாடியில் நடந்தது.

ஜெனிவீவின் அம்மா அந்தோனியம்மாள் தேக்காவில் ஒரு தையல்கடையில் முப்பது வருஷம் ரவிக்கை தைத்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு மஞ்சள் அளவுநாடா தொங்கும். மாதா கோவிலுக்குப் போகும்போது மட்டும் கழற்றுவார். சில ஞாயிற்றுக்கிழமை அதையும் மறந்து, நாடாவோடு நற்கருணை வாங்கப் போய்விடுவார். சாமியாரே சிரித்திருக்கிறார்.

ஜூன் மாதம் வயிற்றுவலி என்று மருத்துவமனைக்குப் போனார்கள். கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று மருத்துவர் ஜெனிவீவிடம் மட்டும் நடைபாதையில் வைத்துச் சொன்னார். அவள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கும் தம்பி ஜூலியஸைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிராதக்கா. தாங்க மாட்டாங்க. டிசம்பர் லீவுக்கு நான் வர்றேன்ல, சேர்ந்து சொல்லலாம்."

"அதுவரைக்கும் என்ன சொல்றது?"

"அல்சர்னு சொல்லு லா. யாருக்குத்தான் அல்சர் இல்ல?"

அப்படித்தான் அது அல்சர் ஆனது. முதல் நாள் அந்தப் பொய்யைச் சொல்லும்போது ஜெனிவீவ் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. அம்மா சிரிக்கும்போதெல்லாம், இந்தச் சிரிப்பை நான்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

அம்மாவால் எழுந்து நடக்க முடியாமல் போனதும், அந்திமகாலப் பராமரிப்புக்கான ஒரு தொண்டு நிறுவனம் உதவிக்கு வந்தது. வாரம் ஒரு முறை தாதி வந்தார். கட்டிலை இரவலாகக் கொடுத்தார்கள். பொத்தானை அழுத்தினால் தலைப்பக்கம் 'ம்ம்ம்…' என்று முனகியபடி உயரும். முதுகில் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை. அது மெல்ல உப்பும், மெல்லத் தளரும். ஒருவர் தேவை முடிந்ததும் கட்டில் துடைக்கப்பட்டு அடுத்த வீட்டுக்குப் போகும். தேவை முடிவது என்றால் என்ன என்று ஜெனிவீவ் யோசிக்க விரும்பவில்லை.

அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். வருகிறவர்கள் யாரும் அடையாள அட்டை போட்டுக்கொண்டு வரக்கூடாது. நிறுவனத்தின் பெயரையும் சொல்லக்கூடாது. யாராவது கேட்டால், தெரிந்தவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"பாதிக் குடும்பம் இதைத்தான் கேக்குறாங்க," என்றார் அலுவலகத்துப் பெண். அவர் குரலில் ஆச்சரியமே இல்லை.

கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருந்தது. ஜெனிவீவ் அதன்மேல் வேளாங்கண்ணி மாதா படம் ஒன்றை ஒட்டி மறைத்தாள்.

அவள் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தாள்; அம்மா படுத்தபின் வாரம் இரண்டு நாள் மட்டும் போனாள். செவ்வாய், வெள்ளி மத்தியானங்களில் அம்மாவுக்குத் துணையாக ஹஸீனா என்ற தொண்டூழியர் வந்தாள். முப்பது வயது, ஓயாத வாய். மின்தூக்கிக்குள்ளேயே அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வாள்.

"ஆன்ட்டி, எனக்கு ஒரு பிளவுஸ் தைச்சுத் தாங்களேன்."

"உனக்கா? நீ வாராவாரம் பெருக்குறியே, எந்த அளவுக்குத் தைக்கிறது?"

இரண்டு பேரும் கெக்கலி கொட்டிச் சிரிப்பார்கள். ஹஸீனா வரும் நாள்களில் ஜெனிவீவ் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

செப்டம்பரில் ஒரு நாள் மாதா படம் உரிந்து கட்டிலடியில் கிடந்தது. பசை காய்ந்திருக்கும் என்று மறுபடி ஒட்டினாள். அடுத்த வாரம் மறுபடி உரிந்து கிடந்தது. கவிழ்ந்தபடி.

இன்னொரு நாள் அவள் குளியலறையில் இருந்தபோது 'ம்ம்ம்…' என்று கட்டிலின் முனகல் கேட்டது. வந்து பார்த்தால் தலைப்பக்கம் உயர்ந்திருந்தது. பொத்தான்பெட்டி கால்மாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் கைக்கு அது எட்டாது.

ஏதோ மின்கோளாறு என்று விட்டுவிட்டாள்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது, ஹஸீனா கிளம்பிப் போயிருந்தாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் செருப்பைக் கழற்றும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"எனக்குப் புத்துநோய். ஈரலுக்கும் போயிருச்சு. அப்படித்தானே, ஜெனி?"

ஜெனிவீவ் கையிலிருந்த செருப்பைக் கீழே வைத்தாள்.

"யாரும்மா சொன்னா?"

"வீட்டுக்கு ஆள் அனுப்பி வைக்கிறியே. நீ சொல்லாததை அவங்க சொன்னாங்க."

"அம்மா… ஜூலியஸ் வந்ததும்…"

"கடைக்கு எத்தனை பேரு வந்திருப்பாங்க? துணி பத்தாதுன்னா பத்தாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கேன். கோவிச்சுக்கிட்டுப் போனவளும் உண்டு. ஆனா ஒருத்தியையும் ஏமாத்தினதில்ல." அளவுநாடாவின் நுனியை அம்மா விரலில் சுற்றினார். "எனக்குத் துணி பத்தாதுன்னு உனக்குத் தெரியும். பத்தும் பத்தும்னே சொல்லிட்டியே. தெரிஞ்சிருந்தா அவனை ஜூன்லயே வரச் சொல்லியிருப்பேன்ல?"

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூலியஸுக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. ஜெனிவீவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. தாதி வரும்போதெல்லாம் அவளே கூட இருந்தாள். அம்மாவோடு தனியே இருந்தது ஒரே ஒருத்திதானே? அன்றைக்கே ஹஸீனாவை அழைத்தாள்.

"அக்கா, நான் சொல்லல. சத்தியமா சொல்லல."

"அப்ப பேய் வந்து சொல்லுச்சா?"

"ஆன்ட்டி என்கிட்டயும் கேட்டாங்க அக்கா. அல்சர்னுதான் சொன்னேன். உங்களுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன்."

ஜெனிவீவ் தொடர்பைத் துண்டித்தாள். மறுநாள் நிறுவனத்தை அழைத்து, நம்பிக் கதவைத் திறந்துவிட்டதற்கு இதுதான் கைம்மாறா என்று கேட்டாள். ஹஸீனாவை நிறுத்திவிட்டார்கள். வேறு தொண்டூழியர் வேண்டாமென்று இவளும் சொல்லிவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அம்மா காலையிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வானம் கறுத்து, வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. அவள் சமையலறையில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

'ம்ம்ம்…'

கட்டில் உயரும் சத்தம்.

கரண்டி கையிலேயே நின்றது.

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே அறையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. அம்மாவின் குரல். பிறகு கொஞ்சம் மௌனம். யாரோ பதில் சொல்லும் அளவுக்கு மௌனம். பிறகு மறுபடி அம்மா.

தொலைபேசியில் பேசுகிறாரோ? இல்லை. அம்மாவின் கைபேசி சமையல் மேடையில், அவள் கண்ணெதிரே, மின்னேற்றத்தில் கிடந்தது.

அடுப்பை அணைத்தாள். இப்போது நன்றாகக் கேட்டது.

இரண்டாவது குரல். பெண் குரல். தாழ்ந்த குரல். சொற்கள் புரியவில்லை… மூச்சு வாங்கி வாங்கிப் பேசியது.

வாசல் கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. வெளியே இரும்புக் கதவும் பூட்டியிருந்தது.

நடந்தாள்.

அம்மா சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "சரி. ஒத்துக்கிறேன்."

அறை வாசலுக்கு வந்தாள்.

அம்மா மட்டும்தான் இருந்தார்.

மெத்தையின் கால்மாடு… பள்ளமாக இருந்தது. அங்கே ஓர் ஆள் உட்கார்ந்தால் எப்படிப் பள்ளமாகுமோ, அப்படி.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

'ஸ்ஸ்ஸ்…'

காற்று நிறைந்து, பள்ளம் மெல்ல மேலே எழும்பியது.

யாரோ எழுந்துகொண்டதுபோல.

மாதா படம் தரையில் கிடந்தது. கவிழ்ந்தபடி.

"யாரும்மா… இங்க?"

அம்மா சுவரைப் பார்த்தபடி பேசினார். "ஹஸீனா பாவம். அந்தப் புள்ள வாயைத் திறக்கல. உன்னை மாதிரியே அல்சர் அல்சர்னுதான் சொல்லிக்கிட்டிருந்தா. இவங்க வேற ஒரு அம்மா. அவ போனப்புறம் வருவாங்க. அட்டை கிட்டை இல்லாம, சாதாரணமா. நீ அனுப்பின ஆளுன்னுதான் நானும் நெனச்சேன்."

"எப்படி… இருப்பாங்க?"

"வயசு என்னோடதுதான். ரவிக்கையைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் நாலு தடவை பிடிச்சுத் தைச்சிருக்கு. உடம்பு கரையக் கரையப் பிடிச்சிருக்காங்க. அவங்களுக்கும் புள்ளைங்க சொல்லலையாம். கடைசி வரைக்கும் சொல்லலையாம். இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தாங்களாம்."

ஜெனிவீவ் கட்டிலிலிருந்து ஓர் அடி பின்வாங்கினாள்.

"அவங்க என்ன கேட்டாங்க? எதுக்கும்மா ஒத்துக்கிட்டீங்க?"

அம்மா திரும்பி மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அன்பும் இல்லை. அளவெடுக்க வந்த வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அன்றைக்கே ஜெனிவீவ் மாதா படத்தை உரிக்க முடியாதபடி கெட்டிப் பசை போட்டு ஒட்டினாள். நவம்பர் நடுவில் அந்தோனியம்மாள் இறந்துபோனார். ஜூலியஸ் மறுநாள்தான் வந்து சேர்ந்தான். பெட்டியை மூடுவதற்கு முன் ஜெனிவீவ் தன் கையாலேயே மஞ்சள் நாடாவை அம்மாவின் கழுத்தில் போட்டாள். மண்டாய் தகனக் கூடத்தில் பெட்டியோடு அதுவும் எரிந்தது. வீட்டுக்கு வந்தபோது கட்டிலை எடுத்துப் போயிருந்தார்கள்.

ஹஸீனாவிடம் மன்னிப்புக் கேட்க அவளுக்கு ஜனவரி வரை தைரியம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவிலிருந்த ஹஸீனாவின் அண்ணன் யாக்கூபின் மளிகைக் கடைக்குப் போனாள். கல்லாவில் ஹஸீனாதான் இருந்தாள். சிரிக்கவில்லை.

"நீ சொல்லலேன்னு அம்மாவே சொன்னாங்க, ஹஸீனா. மன்னிச்சிரு."

"எப்ப சொன்னாங்க?"

"அக்டோபர்ல."

"ஆங் மோ கியோலேர்ந்து இங்க வர மூணு மாசமா அக்கா? எம்ஆர்டி ரயில் ரொம்ப ஸ்லோ போல."

ஹஸீனா ஒரு வாடிக்கையாளருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கணும். ஆன்ட்டியோட அந்த மஞ்ச டேப்பு எங்க?"

"அம்மாவோடயே… மண்டாய்ல எரிஞ்சுபோச்சு. ஏன்?"

ஹஸீனா கல்லாவை மூடினாள்.

"எங்க மாமா அப்துல் காதருக்கும் கேன்சர். அதே நிறுவனத்துலேர்ந்துதான் கட்டில் குடுத்தாங்க. மாமாகிட்ட சொல்லக்கூடாதுன்னு மாமி எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டாங்க. டிசம்பர்ல ஒரு நாள் மாமா எல்லாரையும் கூப்பிட்டு, என்னை ஏன் ஏமாத்துனீங்கன்னு கேட்டாரு. மாமி நேரா என்னைப் பாத்தாங்க. ஏற்கெனவே ஒரு வீட்டுல போட்டு உடைச்சவதானேன்னாங்க. மவுத்துக்குப் போனப்பகூட என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல."

"மாமா… இறந்துட்டாரா?"

"போன வியாழக்கிழமை. அதுக்கு முன்னாடி நான் கேட்டேன், யாரு மாமா சொன்னதுன்னு. ஒரு தமிழ் அம்மா, மத்தியானத்துல வந்து கால்மாட்டுல உக்கார்றாங்கன்னாரு." ஹஸீனா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்க மஞ்சக் கலர்ல டேப்பு போட்டிருக்காங்கன்னாரு."

ஜெனிவீவ் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டிலோட கால்மாட்டுல கிழிஞ்ச மாதா படம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு அக்கா. பாதிதான். நான்தான் சுரண்டி எடுத்தேன்."

"வேற என்ன சொன்னாரு?"

"அந்த அம்மா ஒண்ணு கேட்டாங்க, சரின்னு ஒத்துக்கிட்டேன்னாரு. என்ன கேட்டாங்கன்னு சொல்லவே இல்ல. அடுத்தது தன்னோட முறைன்னு மட்டும் சொன்னாரு."

திங்கட்கிழமை ஜெனிவீவ் நிறுவனத்தை அழைத்தாள். அந்தக் கட்டில் இப்போது எங்கே என்று கேட்டாள். அலுவலகத்துப் பெண் தேடிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையே வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது, முகவரி தர இயலாது என்றார். ஜெனிவீவ் மன்றாடினாள். அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நேர்ல எல்லாம் போயிராதீங்க, ப்ளீஸ். அந்த வீட்டுல பேஷன்ட்டுக்கு இன்னும் விஷயம் தெரியாது. யாரும் சொல்லிரக்கூடாதுன்னு குடும்பத்துல கேட்டுக்கிட்டிருக்காங்க."