கடிகாரம் பின்தங்கிய கணினிகள்

திண்டிவனத்தில் எங்கள் பள்ளியின் பழைய கணினிகளும் புது லேப்டாப்களும் ஒரே லாகினில் திறக்க வேண்டும். பதினோரு வருடமாக லேப் பார்க்கும் என்னை விட்டுவிட்டு, விழுப்புரத்திலிருந்து வந்த புது டீச்சர் கவிதாவிடம் அந்த வேலையைக் கொடுத்தார் ஹெச்.எம். எனக்கு வயிறு எரிந்தது.

பழையவற்றில் உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்தங்கிவிடும். நேரம் ஒத்துப்போகாவிட்டால் சர்வர் உள்ளே விடாது. தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஹெச்.எம். வேலையைப் பார்க்க வந்த அன்றும், எந்தப் பழைய கணினியிலும் லாகின் ஆகவில்லை. கவிதா என்னிடம் வந்தார்.

"ரெண்டு நாளா என்ன கோளாறுன்னு தேடிக்கினு இருக்கேன் சார். உங்க லேபு, உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் பாருங்க."

நேரத்தைச் சரிசெய்தேன். எல்லாம் திறந்தன.

"சார் இல்லன்னா பேஜாரா போயிருக்கும்" என்றார் கவிதா. ஹெச்.எம். என் கையைக் குலுக்கினார்.

பதினோரு வருடமாக ஏங்கிய பாராட்டு. கையை எப்போது விடுவார் என்றிருந்தது.