ரேடியோ நாசர் கடைக்கு வழி

கொச்சிக்குப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் சீன வலையைப் பற்றியும் கதகளியைப் பற்றியும்தான். அந்த இரண்டைப் பற்றியும் எனக்குச் சொல்லத் தெரியாது. பிறந்து வளர்ந்தது எர்ணாகுளத்தில், அப்பாவுக்குப் பிராட்வேயில் பாத்திரக் கடை. உள்ளூர்க்காரர்கள் யார் வேலைமெனக்கெட்டு வலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்? அதனால் இந்தக் கட்டுரையில் மட்டாஞ்சேரி மட்டும்தான். அதிலும் ஒரு தெரு, ஒரு மாடி, ஒரு ரேடியோ. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து கிளம்பிப் போனேன். ஒரு பாட்டைக் கேட்பதற்காக. பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் பதிவு செய்த பாட்டு அது. அதற்குப் பிறகு எங்களில் யாருமே அதைக் கேட்டதில்லை.

எங்கள் பேண்டுக்கு ஈரச்சாக்கு என்று பெயர். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. பாடுவது நாசர். பாலக்காட்டிலிருந்து வந்து மட்டாஞ்சேரியில் ஊன்றிய தமிழ்க் குடும்பம் அவனுடையது. கிடார் வில்சன், டிரம்ஸ் பென்னி, பேஸ் கிடார் நான். பஜார் ரோட்டில் நாசருடைய மாமாவின் சுக்குக் கிடங்கு மாடியில்தான் பயிற்சி. சத்தம் தெருவுக்குப் போனால் மாமா விரட்டிவிடுவார் என்று ஜன்னல்களில் எல்லாம் கோணிச் சாக்கை அடித்து வைத்திருந்தோம். மழைக்காலத்தில் அந்தச் சாக்கு காயவே காயாது. அந்த வாடையும் சுக்குத் தூசியும் சேர்ந்து மூக்கில் ஏறும். வீட்டுக்குப் போனால் அம்மா என் தலையை முகர்ந்து பார்த்தே எங்கே போய்வந்தேன் என்று சொல்லிவிடுவாள்.

அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு சின்ன எஃப்.எம். இருந்தது. இப்போதும் இருக்கிறது. தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டினால் கரகரக்க ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான் அதன் எல்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அதில் உள்ளூர் பேண்டுகளுக்கென்று ஒரு மணி நேரம். சினிமாப் பாட்டு கிடையாது, யாரும் கேட்டிராத பையன்களும் பெண்களும் எழுதி, மெட்டுப் போட்டு, பாடியது மட்டும்தான். நடத்தியது லில்லி சேச்சி, எங்கள் எல்லோருக்கும் அக்கா மாதிரி. ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாத எங்களைப் போன்றவர்கள் இருக்கும் இடத்துக்கே பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

ஆனால் சேச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. பாட்டு ஒலிபரப்பாகும்போது பேண்ட் முழுவதும் ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் வருகிற முதல் போன் பேண்டுக்குத்தான். அதற்குப் பிறகுதான் பதிவின் ஒரு நகல் நம் கைக்கு வரும். ஒருவர் குறைந்தாலும் பாட்டு கிடையாது. ஆரம்ப காலத்தில் ஒரு பாடகன் மட்டும் வந்து உட்கார்ந்து பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போனானாம். பின்னால் வாசித்தவர்கள் தெருவில் வைத்துச் சேச்சியிடம் சண்டை பிடித்தார்களாம். அன்றைக்குப் போட்ட சட்டம்.

எங்கள் பாட்டைப் பதிவு செய்த மத்தியானம் நன்றாக நினைவிருக்கிறது. சத்தம் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டோம். 'மழை விட்ட பின்னும் சொட்டுது ஓடு, நீ போன பின்னும் நிக்குது பாட்டு' என்று நாசர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறான், எனக்குக் கையெல்லாம் சிலிர்க்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிடார் மட்டும் தனியாகப் போகிற இடத்தில் சுக்குத் தூசி வேலையைக் காட்டிவிட்டது. நாசர் தும்மினான். பென்னி சமாளிக்கிறேன் என்று அதன் மேலேயே சிம்பலைத் தட்டினான். முடித்துவிட்டு இன்னொரு தடவை எடுக்கலாம் என்று உட்கார்ந்தபோது கரண்ட் போனது, சாயங்காலம் வரை வரவில்லை. பரவாயில்லை, ஜீவன் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சேச்சி கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஒலிபரப்பு. நாசர் தெரு முழுக்கச் சொல்லி வைத்தான். சாயாக்கடை, மீன் கடை, பள்ளிவாசல் வாசல், ஒரு இடம் பாக்கியில்லை. வியாழக்கிழமை வில்சனுக்குக் கப்பல் வேலைக்கு அழைப்பு வந்தது, வெள்ளிக்கிழமை அவன் மும்பைக்கு ரயில் ஏறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேர் போய்ச் சேச்சியிடம் மன்றாடினோம், அசையவில்லை. தெருவே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேறு யாருடைய பாட்டையோ கேட்டது. மறுநாள் காலையிலிருந்து அவன் பெயர் ரேடியோ நாசர்.

வில்சன் ஊருக்கு வந்தபோது பென்னி பெங்களூரில். பென்னி கொச்சிக்கே, காக்கநாட்டில் வேலைக்குத் திரும்பியபோது நான் கல்யாணமாகிக் கோவையில். இப்படியே வருடங்கள் போய்விட்டன. போன மாதம் சேச்சி போன் செய்தார். அந்த மாதத்தோடு நிகழ்ச்சியை வேறொருவர் கையில் கொடுக்கிறாராம். பழைய கருவியும் போகிறது, அதிலிருப்பதைப் புதியவர் எடுத்துப் போடுவார் என்று சொல்ல முடியாது. கடைசி ஞாயிற்றுக்கு நான்கு பேரும் வந்தால் பாட்டு உண்டு என்றார். வில்சன் விடுமுறையில் ஆலப்புழையில் இருந்தான். இதைவிட்டால் இனி இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி பயணம். காலை ஏழு மணிவாக்கில் கோவையில் ரயில் ஏறினால் பதினொன்றுக்கு எர்ணாகுளம். உட்காரும் வகுப்பு நூறு ரூபாய்க்குள்தான். பாலக்காட்டில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக்கொள்ளுங்கள், சூடாக இருந்தால் மட்டும். ஜங்ஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோவில் ஐம்பது ரூபாய். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகு, ஆறு ரூபாய், இருபது நிமிடம். கார் எடுத்துக்கொண்டு பாலம் வழியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆறு ரூபாயில் இவ்வளவு காற்று வேறு எங்கே கிடைக்கும்? பேஸ் கிடாரை மடியில் படுக்கவைத்துக்கொண்டு இதே படகில் எத்தனை ஞாயிறு போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, அழுதேன்.

இறங்கியதும் ஆட்டோக்காரர் என்னைச் சுற்றுலாப் பயணி என்று நினைத்து நூற்றைம்பது கேட்டார். பஜார் ரோடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை, போகும் வழியில் எந்தக் கடையிலும் நிறுத்த வேண்டாம் என்று மலையாளத்தில் சொன்னேன். திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐம்பதுக்கு வந்தார்.

கிடங்கு இருந்த இடம் இப்போது ஓவியங்கள் வைத்த காப்பிக் கடையாகிவிட்டது. ஒரு காப்பி இருநூற்றுச் சொச்சம், நான் உள்ளே போகவில்லை. எதிரே பழைய சாயாக்கடை அப்படியே இருந்தது, கல்லாவில் அதே ஹம்சாக்கா, அதாவது ஹம்சா அண்ணன், தலை மட்டும் வெளுத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நாசர் கடை எங்கே என்றேன்.

"ஏது நாசர்? ரேடியோ நாசரா?" என்று அவர் கேட்டதும் பெஞ்சிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "அந்த வளவு கழிஞ்சு மூணாவது கட."

அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று பட்டது. என் வாய் சும்மா இருக்குமா? இன்று மாலை ஆறு மணிக்கு ரேடியோவைப் போட்டு வையுங்கள், அவன் பாட்டு வருகிறது என்று சொல்லிவிட்டேன்.

வளைவைத் தாண்டி மூன்றாவது கடை. சுக்கு, மிளகு, ஏலக்காய் எல்லாம் சின்னச் சின்னப் பைகளில். நடுவில் நாசர், வயிறு வைத்து, கண்ணாடி போட்டு. என்னைப் பார்த்து எழுந்தவன் பேச வாயெடுப்பதற்குள் தும்மினான். சின்னதாக இரண்டு, மூச்சு ஒன்று இழுத்து நிறுத்திப் பெரிதாக ஒன்று. சுக்குக் கடையில் உட்கார்ந்துகொண்டு இன்னுமா என்று கேட்டேன். அது தினமும் உள்ளதுதான் என்றான்.

ஹம்சாக்காவிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவன் முகம் செத்துப்போனது. இந்தத் தடவை அவன் யாரிடமும் மூச்சு விடவில்லையாம், மனைவி ஷமீனாவிடம்கூட.

"ஏன் சுதா சொன்ன? வில்சன் வரலைன்னா நான் இன்னொரு பதினெட்டு வருஷம் இதே பேரோட இந்தத் தெருவுல இருக்கணும்" என்றான். "ஷமீனாவுக்கு நான் பாடினதே நம்பிக்கையில்ல. பாடுங்கன்னு ஒரு தடவ கேட்டா. குரல் வரல. அதோட விட்டுட்டா."

ஐந்தரைக்கு ரேடியோ நிலையத்தின் மரப்படி ஏறினோம். பென்னி காக்கநாட்டிலிருந்து முன்னதாகவே வந்திருந்தான். லில்லி சேச்சி எங்களைக் கட்டிப்பிடித்துவிட்டு முதலில் தலையைத்தான் எண்ணினார். மூன்று. வில்சன் போனில், தோப்பும்படியில் பஸ் நிற்கிறது, பாலத்தில் வண்டிகள் அசையவில்லை என்றான்.

ஆறு மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. வேறு மூன்று பழைய பேண்டுகளும் வந்திருந்தன, அவர்கள் முழுதாக வந்திருந்தார்கள். ஒவ்வொன்றாக உள்ளே போய் வந்தார்கள், ஒரு பேண்டில் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கூட இருந்தார். பாட்டுக்கு நடுவே கதவைத் திறந்துகொண்டு சேச்சி எட்டிப் பார்த்தார். பென்னி வில்சனுக்காகக் கெஞ்சினான், கப்பலில் போனவன், அவனுக்காக ஒரு தடவை என்று.

"நாலு பேர் இல்லெங்கில் பாட்டில்ல, மோனே" என்றார் சேச்சி. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

நாசர் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறே முக்காலுக்கு மரப்படியில் தடதடவென்று சத்தம். வில்சன். பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாகக் கடந்திருக்கிறான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லை, சேச்சி நால்வரையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

பாட்டு ஆரம்பித்தது. என் பேஸ் சுமார்தான், ஒரு இடத்தில் பின்தங்கியது. நாசருடைய குரல் வந்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டேன். இருபத்து மூன்று வயதுப் பையனின் குரல், பயமே இல்லாத குரல். எதிரில் உட்கார்ந்திருந்த நாசர் அதை யாரோ ஒருவர் பாடுவதுபோல வாயைத் திறந்துகொண்டு கேட்டான். இது நானா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். கிடார் தனியாக வந்தது. இரண்டு சின்னத் தும்மல், ஒரு மூச்சு, பெரிய தும்மல், அதன் மேல் சிம்பல். நாங்கள் நால்வரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

பாட்டு முடிந்ததும் போன் அடித்தது. சேச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹலோ, சுக்குக்கட நாசரோட வீட்டுக்காரி பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். நாசர் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாடினது யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியல. கல்யாணம் கழிஞ்சு இவரு ஒரு நாள் பாடிக் கேட்டதில்ல. ஆனா நடுவுல தும்மினது எங்க வீட்டாளுதான். தெனமும் கேக்கறேனே, எனக்குத் தெரியாதா?"

பின்னால் ஒரு கூட்டமே சிரிக்கிற சத்தம் கேட்டது. நாசர் மைக்கின் முன்னால் குனிந்தான்.

"எங்கேர்ந்து பேசற, ஷமீனா?"

"ஹம்சாக்கா சாயாக்கடலேர்ந்து. தெரு மொத்தமும் இங்கதான் இருக்கு. எல்லாருக்கும் தும்மல் தெரிஞ்சிடுச்சு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "வீட்டுக்கு வந்து பாடணும். தும்மாம."

நாசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், திரும்பப் போட்டான், திரும்பக் கழற்றினான். அவனுக்குப் பதிலாகச் சேச்சிதான் ஷமீனாவுக்கு நன்றி சொல்லி அடுத்த போனை எடுத்தார்.

அன்றிரவு நான் அங்கேயே ஒரு லாட்ஜில் தங்கிவிட்டேன். அந்தப் பாட்டு உலகத்தரம் எல்லாம் இல்லை, இப்போது திரும்பக் கேட்டாலும் அப்படித்தான் தோன்றுகிறது. அன்றைக்கே ஒலிபரப்பாகியிருந்தால் ஒரு வாரம் பேசிவிட்டு நாங்களே மறந்திருப்போம். காத்திருந்ததால்தான் அந்தக் குரல் இருபத்து மூன்று வயதிலேயே நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இந்த வயதில் இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டால்தான் மனசு ஆறுகிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மட்டாஞ்சேரிக்கு ஞாயிறு போவதென்றால் மொத்த வியாபாரக் கடைகள் மூடியிருக்கும், தெருவில் நடக்க அதுதான் நல்ல நாள். படகுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆலப்புழைப் பக்கமிருந்து வந்தால் மாலையில் தோப்பும்படியை நம்பாதீர்கள். ஞாயிறு ஆறு மணிக்குப் போனில் எஃப்.எம். இருந்தால் போட்டுப் பாருங்கள், புதியவர் கையில் நிகழ்ச்சி தொடர்கிறது. சட்டமும் தொடர்கிறதாம்.

சுக்கு வாங்குவதென்றால் நாசர் கடைக்குப் போங்கள். அந்தத் தெருவில் நாசர்கள் நிறைய, அதனால் வெறுமனே நாசர் கடை என்று கேட்டால் உங்களைச் சுற்றவிடுவார்கள். சாயாக்கடையில் ரேடியோ நாசர் கடை எது என்று கேளுங்கள். போன மாதம் வரை அந்தப் பெயர் காதில் விழுந்தால் அவன் குனிந்துகொண்டு மிளகு பொறுக்குவான். இப்போது அவனே எழுந்து வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, பாட்டு கேட்கிறீர்களா என்பான்.