அவருடைய கடைசிக் குப்பி

என் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். வீட்டு ஃபிரிட்ஜ் முதல் மீன் கிடங்கின் குளிர் அறைவரை எல்லாம் பார்ப்பார். அவர் கைகள் எப்போதும் சில்லென்று இருக்கும். எங்கே இருக்கிறார் என்று போனில் கேட்டால் "இதோ கிளம்பிட்டேன்" என்பார். பின்னால் ஸ்பேனர் விழும் சத்தம் கேட்கும். என் தங்கை கல்யாணத்துக்கே எல்லோரும் கை கழுவிய பிறகுதான் வந்து சேர்ந்தார்.

ஃப்ரீசரில் எதையாவது வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "இது பரண் இல்லம்மா, எடுக்கறதுக்காக வெக்கிற இடம்" என்று வாடிக்கையாளர்களையே திட்டுவார். நானும் நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அவர் கல்லீரலில் வைரஸ் இருப்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். எனக்குத் தடுப்பூசி போட்டார்கள். சவர பிளேடு மட்டும் தனியாக இருக்கட்டும், சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். ஆனாலும் நாத்தனார் வீட்டில் அவருக்கென்று ஒரு டம்ளர் ஒதுங்கிவிட்டது. "எனக்கு மட்டும் ரிசர்வேஷன்" என்று சிரித்தார். பிறகு அங்கே போவதைக் குறைத்துக்கொண்டார்.

மருத்துவமனையின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரை அவர்தான் பழுதுபார்த்து வந்தார். இந்த நோய் உள்ளவர்களின் இரத்தம் ஆராய்ச்சிக்குத் தேவை என்று அங்கே சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, அவரே கையை நீட்டினார். முதல்முறை நானும் உடன் போயிருந்தேன்.

"என் ரத்தத்துல என்னம்மா தேடப்போற?" என்று அங்கிருந்த ஆராய்ச்சிப் பெண்ணைக் கேட்டார்.

"வைரஸ் புகுந்த செல்லைக் கொல்ற வெள்ளையணுக்களை அண்ணே. உங்ககிட்டயும் இருக்கு. வருஷக்கணக்கா வைரஸைப் பாத்துப் பாத்துக் களைச்சுப் போச்சுங்க. அதுங்க மேலயே ஒரு பிரேக் முளைச்சிருக்கும்."

"ஓவர்லோட்ல ட்ரிப் ஆயிடுச்சுன்னு சொல்லு. சூடு ஏறினா கம்ப்ரெஸர் எரியாம இருக்க, தானா கட் ஆயிடும்."

"கிட்டத்தட்ட அதான். விடாம சண்டை போட்டா கல்லீரலே புண்ணாயிடும். அதுக்குத்தான் பிரேக்."

"ரீசெட் பட்டன் எங்க இருக்கு?"

"அதைத்தான் தேடறோம். அமுக்கினாலும் பழையபடி ஓடுமான்னு தெரியலண்ணே."

அணுக்களைப் பிரித்துச் சின்னக் குப்பிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் நிறைந்த பீப்பாயில் இறக்கினாள். வெள்ளைப் புகை பொங்கியது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கம்ப்ரெஸரும் இல்ல, மோட்டாரும் இல்ல. நம்ம பொழப்புல மண்ணைப் போட்டுட்டாங்களே."

அதன்பின் எப்போது அவளைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான். "நம்ம ஆளுங்க எழுந்தாங்களா?"

"இன்னும் இல்லண்ணே."

"சோம்பேறிப் பசங்க. முதலாளி மாதிரியே."

மாத்திரைகள் வைரஸை அடக்கின. ஆனால் கல்லீரல் ஏற்கெனவே தழும்பேறிப் போயிருந்தது. அந்தத் தழும்பில்தான் புற்றுநோய் வந்தது. கடைசி நாட்களில் வார்டில் கண்ணைத் திறந்தபோதெல்லாம், "அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சா?" என்று கேட்டார். பண்ணவில்லை. சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இருந்திருக்காது.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின் வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தமும் நிற்கும் சத்தமும்தான் மிச்சம். அவர் கருவிப் பை கதவோரம் அப்படியே இருந்தது.

சில மாதம் கழித்து அவள் போன் செய்தாள்.

"அக்கா, அண்ணனோட குப்பி ஒண்ணே ஒண்ணு இருக்கு. பிரேக்கை எடுக்கற புது மருந்து ஒண்ணு வந்திருக்கு, போட்டுப் பாக்கலாமா? நீங்க வேணாம்னா நைட்ரஜன்லயே வெச்சிடறேன்."

"வெச்சா என்ன ஆகும்?"

"உறைஞ்சபடி உயிரோட இருக்கும். ரொம்ப வருஷம்."

"சோதனை பண்ணா?"

"உருக்கிட்டா திரும்ப வெக்க முடியாதுக்கா. சில நாள்ல முடிஞ்சிடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 'உயிரோட' என்ற சொல் என்னை விடவில்லை. மருத்துவமனை வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஆராய்ச்சிக்கூடத்தின் மாடி ஜன்னலைப் பார்ப்பேன். ஒருமுறை இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்றேன். யாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று காவலாளி கேட்டார். திரும்பிப் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீசரில் ஏறியிருந்த ஐஸை உருகவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடியில் என்றோ வைத்து மறந்த பட்டாணிப் பொட்டலம் ஒன்று ஒட்டிக்கிடந்தது. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன்.

ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்குக் கையுறை மாட்டிவிட்டு, குப்பியை என்னிடமே தந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பிடிக்கச் சொன்னாள். "உடம்புச் சூடுதான்க்கா. கடுகளவு ஐஸ் இருக்கும்போதே எடுத்துடணும்." என் விரல்களுக்கு நடுவே அது உருகியது. பிறகு ஒரு சொட்டில் சாயம் கலந்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள்.

"நீலமா இருக்கறது செத்தது. பளிச்சுன்னு இருக்கறதுக்கு உயிர் இருக்கு."

நீலம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பளிச்சென்ற சின்ன வட்டங்கள். அவர் சாயல் எதிலும் இல்லை. ஆனாலும் அவள் தோளைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அவள் கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது.

"எழுந்துட்டாங்கக்கா! எல்லாரும் இல்ல, கொஞ்சம் பேர். அவங்களும் அரைகுறையாத்தான். ஆனா வைரஸைக் கண்டதும் சண்டைக்குக் கிளம்பிட்டாங்க."

"அவர் ஆளுங்க கிளம்பிட்டேன்னு சொன்னா நம்பிடாத. பின்னாடி ஸ்பேனர் சத்தம் கேக்குதான்னு பாரு."

அவள் சிரித்தாள்.

"மிச்சம் ஏதாவது இருக்காம்மா?"

"இல்லக்கா."

போனை வைத்துவிட்டு, அவரிடம் சொல்ல அறைப் பக்கம் திரும்பினேன். அங்கே இன்னும் விளக்குப் போடவில்லை.