சட்டையில் குத்திய பெயர்

மேகலாவுக்குச் சொந்த ஊர் குடியாத்தம். வீட்டில் லுங்கித் தறி. கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தபின் ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் மேல்தோல் தைத்தாள். ஆர்டர் கம்மியாகி அவளுடைய லைனை மூடியபோது, நெடுஞ்சாலை ஓரத்துப் பிரியாணி ஹோட்டலில் பரிமாற ஆள் எடுக்கிறார்கள் என்று கூட வேலை செய்த பிரிசில்லா சொன்னாள். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தார்கள்.

கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலை. இங்கே பதினொரு மணி நேரம் நிற்க வேண்டும். மேஜைகள் காலியாக இருந்தாலும் நாற்காலியைத் தொடக்கூடாது. முதல் மாதமே கால் வீங்கி, ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கினாள்.

கால் வலி பழகிவிட்டது. மற்றது பழகவில்லை. தட்டு வைக்கும்போது விரல்மேல் விரல் வைப்பார்கள். எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்பார்கள். மேனேஜர் லோகநாதனிடம் சொன்னால், சாப்பிட வருகிறவர்களிடம் சிரித்த முகமாக இரு என்பார். சிரித்தால், என்ன சிரிப்பு என்று அவரே கேட்பார்.

போன வருஷம் எல்லோருக்கும் பெயர் பேட்ஜ் வந்தது. ஒரு வாரத்தில் எவனோ பிரிசில்லாவை பேஸ்புக்கில் கண்டுபிடித்து, அவள் சர்ச்சில் எடுத்த போட்டோவை அவளுக்கே அனுப்பினான். மேகலா பேஸ்புக்கில் இல்லை. "என்னுத நீ குத்திக்கோ. உன்னுத என்கிட்ட குடு. தேடுறவன் தேடி அலையட்டும்" என்று பேட்ஜை மாற்றியது அவள்தான். லோகநாதன் பார்த்தார். சட்டையில் பேட்ஜ் இருந்தால் அவருக்குப் போதும்.

ஒரு புதன்கிழமை மதியம், குனிந்து பரிமாறும்போது ஒரு ஆள் மேகலாவின் இடுப்பில் கை வைத்தார். எடுக்கவில்லை. கையிலிருந்த கத்தரிக்காய்க் கிண்ணத்தை அவருடைய வெள்ளைச் சட்டையில் கவிழ்த்தாள். கை தவறிவிட்டது என்றாள். அவர் பேட்ஜை மட்டும் நிதானமாகப் படித்துவிட்டுப் போனார்.

மறுநாள் முதலாளிக்குப் போன் வந்தது. பிரிசில்லா என்கிறவள் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று. முதலாளி, அந்த ஆள் சொல்கிறபடி செய் என்று லோகநாதனிடம் சொல்லிவிட்டார். போனில் சொன்ன பெயர்க்காரிதான் நிற்க வேண்டும் என்று, லோகநாதன் அவரவர் பேட்ஜை அவரவரே குத்தவைத்தார். நானே போய் நிற்கிறேன் என்று மேகலா சொன்னாள். பிரிசில்லா ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சாரிதானே, நான் சொல்லிவிட்டால் முடிந்தது, உன்னைப் பார்த்தால் அவனுக்குக் கோபம் ஜாஸ்தியாகும் என்றாள்.

ஞாயிறு அவர் இரண்டு சிநேகிதர்களோடு வந்தார். பிரிசில்லாவை முன்னால் நிறுத்தினார்கள். அவர் பேட்ஜைப் பார்த்தார்.

"இவதான். மூஞ்சப் பாரு, இன்னா திமிரு."

பிரிசில்லா மன்னிப்புக் கேட்டாள். அது போதாது, வேலையை விட்டு அனுப்புங்கள் என்றார் அந்த ஆள். பக்கத்து மேஜையருகே நின்றிருந்த மேகலா தட்டை வைத்துவிட்டு வந்தாள்.

"அவ இல்ல சார். நான்தான். இடுப்புல கை வச்சிங்க, கொட்டுனேன்."

சிநேகிதர்களில் ஒருவர் சிரித்தார். அந்த ஆள் மேகலாவின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதா யாருன்னு? இவதான்."

"கஸ்டமரே சொல்றாரு. நீ எதுக்கு நடுவுல?" என்றார் லோகநாதன், மேகலாவின் முகத்தைப் பார்க்காமல்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொன்னதும் பிரிசில்லா பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மேகலா பின்னாலேயே ஓடினாள். நானும் வேலையை விடுகிறேன் என்றாள்.

"விட்டுட்டு? உன் பொண்ணு காலேஜ் முடிக்கட்டும். உள்ள போ." பிரிசில்லா கோபமாகச் சொல்லவில்லை. வாணியம்பாடி பஸ் வந்ததும் ஏறிவிட்டாள்.

மேகலா உள்ளே வந்தாள். அவர்கள் மூன்று பேரும் இன்னும் ஆர்டர் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேஜை அவளுடையது. என்ன வேண்டும் என்று கேட்டாள். மூன்று மட்டன் பிரியாணி என்றார் அவர், போனைப் பார்த்துக்கொண்டே.