வெறும் வயிற்று வீரம்

ஊரூர் குப்பத்தில் மீன் விற்கும் தேவானையிடம் வாயைக் கொடுத்தவன் உதை வாங்காமல் திரும்பியதில்லை. மருமகன் துபாயிலிருந்து கொண்டுவந்த சர்க்கரை மெஷினில் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்ப்பாள். நூற்றிருபதைத் தாண்டாது. ஆனால் மூன்று மாதமாகச் சர்க்கரை எகிறியே கிடக்கிறது என்றது லேப் ரிப்போர்ட்.

"பொய்யா எழுதிக்கீறே, கஸ்மாலம்!" என்று லேப்காரனைச் சுவரில் மோதினாள்.

மூக்கில் ரத்தம் வழிய அவன் கத்தினான்: "நீ காலைல மட்டும்தாம்மா பாக்குற. துன்னப்புறம் ஏறுறதும் சேர்ந்து இந்த மூணு மாசக் கணக்கு டெஸ்ட்டுல தெரியும்!"

மேசைமேலிருந்த கண்ணாடிக் குழாய்களை வாரித் தரையில் அடித்தாள். செருப்பை வாசலில் விட்டுவந்த கால்களோடு அவற்றின் மேலேயே நடந்து வெளியே வந்தாள். வெளியே காத்திருந்த எல்லோரும் அவள் காலையே வெறித்தார்கள்.

"இன்னா பாக்குறீங்க?" என்று சீறியபடி குனிந்தாள். குதிகாலில் விரல் நீளத்துக்குக் கண்ணாடி ஏறியிருந்தது, ரத்தம் கொட்டியது. கொஞ்சம்கூட வலிக்கவில்லை.