நான்கு நிமிடம் பின்னால் ஓடிய கடிகாரம்

நான்கு படங்களிலும் கோடு இருந்தது. புள்ளி இல்லை, கோடு.

மஞ்சக்குட்டையில் ஓர் எஸ்டேட் முதலாளி சொந்தமாகத் தொலைநோக்கி வைத்திருந்தார். அது இரவில் எடுக்கும் படங்களைக் காலையில் அளப்பது என் வேலை. வானத்தில் ஒரே இடத்தை நான்கு முறை எடுத்திருக்கும். மாற்றி மாற்றிப் பார்த்தால் விண்மீன்கள் நிற்கும், சிறுகோள் மெல்ல நகரும். அளவுகளை, சிறுகோள்களைப் பதிவு செய்யும் உலக மையத்துக்கு அனுப்புவோம். இரண்டு வருடத்தில் நான் அளந்தது ஒன்றுகூடத் தப்பென்று திரும்பி வந்ததில்லை.

கோடாக விழும் அளவுக்கு வேகம் என்றால் பெரும்பாலும் பழைய ராக்கெட் துண்டுதான். விண்குப்பைப் பட்டியலில் தேடினேன். அந்த நேரத்தில் அந்த இடத்தில் எதுவும் இல்லை.

"பட்டியல்ல இல்லீன்னா புதுச் சிறுகோள்தானே கண்ணு? அனுப்பிச்சுடலாம். பேப்பர்காரங்களுக்கும் சொல்லீர்றேன்" என்றார் முதலாளி.

"ஒரு மணி நேரம் பொறுங்க சார். நேரத்தை ஒருக்கா சரிபாத்துக்கறனுங்க."

"உங்கம்மா காப்பிக்கொட்டையில கல்லு பொறுக்கற மாதிரியே பொறுக்கறியே!" சிரித்தபடி ஆபீசுக்குப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் கடிகாரத்தின் பக்கத்தில் என் போனை வைத்துப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நான்கு நிமிடம் பின்னால் இருந்தது.

"கம்ப்யூட்டருக்கு நேரம் குடுக்கற ஜிபிஎஸ் ஒயரைக் குரங்கு பிச்சுப்போட்டுருச்சுங்க அம்மிணி. சார்தான் கைக்கடிகாரத்தைப் பாத்து நேரம் வெச்சாரு" என்றார் வாட்ச்மேன்.

நான்கு நிமிடத்தில் சிறுகோள் அதிகம் நகராது. ராக்கெட் துண்டு வெகுதூரம் போய்விடும். நேரத்தைத் திருத்தித் தேடியதும் பழைய ராக்கெட்டின் மேலடுக்கு ஒன்று அப்படியே பொருந்தியது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"போட்டோ எடுக்க ஆளு வந்தாச்சு. அப்பறம் பாத்துக்கலாம், போ." அறிக்கையை அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் மையம் அதை நிராகரித்தது. கடிகாரத்தைச் சரிபார்க்காதது என் தவறு என்று எழுதிய கடிதத்தை எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் என் முன் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வேலையைப் பாரு சாமி. யாரு உங்க ஊட்டுக்கு வந்து கேக்கப்போறாங்க?"

"அனுப்பறதுக்கு முந்தியே நான் சொன்னனுங்க."

"எங்க சொன்ன? காட்டு பாக்கலாம்."

காட்ட ஒன்றும் இல்லை. கையெழுத்தும் போடவில்லை. அன்றே வேலை போயிற்று. என் ஊர் செம்மநத்தத்துக்கு ஜீப் ஏறினேன். "உதவியாளரின் கவனக்குறைவு" என்று, செய்தி போட்ட பேப்பரில் திருத்தம் வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்கள், படத்தில் கோடு தெரிந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தவறு தெரிந்தால் தேதி, நேரம் போட்டு எழுதிக் கொடுங்கள். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அன்றைக்கு வாயால் மட்டும் சொன்னேன்.