மாமா கேட்ட ஏலம்

மாமாவின் திராட்சைக் கொடியைப் பார்த்தாலே சின்ன வயதில் எனக்கு வயிறு எரியும். மாமா அம்மாவின் தம்பி. ஹம்பேர்க்கில் எங்களுக்கும் அவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் வாடகைத் தோட்டத் துண்டுகள் இருந்தன. வைன் வடிக்கும் இனத்தில், ஒரே கடையில் ஒரே நாளில் இரண்டு கன்றுகள் வாங்கினார்கள். மாமா தன்னுடையதைச் செங்கல் கொட்டிலின் தெற்குச் சுவரோடு நட்டார். அப்பாவோ நடுத்தோட்டத்தில் யாழ்ப்பாணத்து முறைப்படி தலைக்கு மேலே பந்தல் போட்டார். திராட்சையை அவர் முந்திரிகை என்றுதான் சொல்வார்.

"முந்திரிகை எண்டால் பந்தல்தான். சுவரிலை சாத்திவைக்க அதென்ன ஏணியே?"

மாமா ஓகஸ்டில் குலைகளை மறைத்த இலைகளை மட்டும் கிள்ளி எறிந்தார். பகலில் காய்ந்த செங்கல் இரவிலும் சூடு கொடுக்க, அவருடைய பழங்கள் கறுத்து இனித்தன. எங்கள் பந்தலின் கீழ் அருமையான நிழல் இருந்தது. வெயிலுக்கே பஞ்சமான ஊரில் நிழலை வைத்து என்ன செய்வது? குலைகள் பச்சையாகவே தொங்கின.

மாமாவின் மகள், என் மச்சாள், என் வகுப்புத்தான். பள்ளிக்கூடத்துக்கு டப்பா நிறையக் கறுத்தப் பழம் கொண்டுவருவாள். நீட்டினால் வேண்டாம் என்பேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒன்றை எடுத்து வாயில் போடுவேன். அது இனித்ததில் எரிச்சல் இன்னும் கூடியது.

செப்டெம்பர் கடைசியில் தேவாலயத்தில் நடக்கும் எங்கள் தமிழ்ப் பூசைக்கு முதல் விளைச்சலைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள். பூசை முடிய மண்டபத்தில் அதை ஏலம் விடுவது வழக்கம். அம்மா கெஞ்சியும் கேளாமல் அப்பாவும் ஒரு கூடை கொண்டுவந்தார்.

"புளிச்சாலென்ன, மாதாவுக்கு நேர்ந்தது."

மாமாவின் கூடைக்கு மண்டபமே கை தூக்கியது. மச்சாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்தது எங்கள் கூடை. மாமா எழுந்து ஒரு விலை கேட்டார். ஏலம் விட்டவர் "ஒருதரம்" என்று இழுக்குமுன்னே கூட்டிக் கேட்டார். மறுபடியும் கூட்டினார்.

"விடமாட்டன் அண்ணை! அத்தான்ரை பழம் எனக்குத்தான்."

கூடை அவருக்கே போனது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாமா அங்கேயே ஒரு பழத்தை வாயில் போட்டு, ஒரு கண் தானாக மூடிக்கொள்ள, "நல்ல இனிப்பு" என்றார்.

தன்னுடையது போதாதென்று எங்களுடையதையும் பிடுங்கிக்கொண்டாரே என்று காரில் வீடு வரும்வரை பொருமினேன். அந்தக் கூடைக்கு மண்டபத்தில் வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதும், மாமா தான் கேட்ட விலையைத் தானே மீறிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.